மூணாவது வாரம்தான் கண்டம்: கைத் தோல் ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்புக்குள்ள என்ன நடக்குது

நான் சேலம் அஸ்தம்பட்டில 19 வருஷமா பிளவுஸ் தைக்கிறேன். ஒரு பிளவுஸ் முதல்ல எங்க பிரியும்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வேன், அக்குள்லதான். முன்பாகம், பின்பாகம், கை, சைடுன்னு எல்லா தையலும் வந்து சேர்ற இடம் அது, கையத் தூக்கினா மொத்த இழுவையும் அங்க போய்தான் நிக்கும். போன மார்ச்ல என் ரெண்டு கைலயும் தொங்கிட்டிருந்த தோல எடுத்து தச்சாங்க, சரியா 16-வது நாள் இடது அக்குள்ல தையல் பிரிஞ்சது. கொடில காய்ஞ்ச புடவைய எக்கி எடுத்தேன், அவ்வளவுதான். சுருக்குன்னு ஒரு சத்தமில்லாத கிழிசல், அப்புறம் பிளவுஸ் ஓரத்துல ஈரம்.

அதுக்கப்புறம் அஞ்சு வாரம் டிரெஸ்ஸிங் போட வேண்டியதாயிடுச்சு. அந்த அஞ்சு வாரத்துல டாக்டர்கிட்டயும் டிரெஸ்ஸிங் போடற சிஸ்டர்கிட்டயும் ஏன் ஏன்னு கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா டிஸ்சார்ஜ் பண்ணும்போது குடுக்கற பேப்பர்ல "கையைத் தூக்காதீங்க, வெயிட் தூக்காதீங்க"ன்னு மட்டும்தான் இருக்கு, ஏன்னு இல்ல. ஏன்னு தெரியலைன்னா நாம சொன்னபடி கேக்க மாட்டோம்.

நான் 112 கிலோ இருந்தேன். வயித்தை சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷத்துல 66-க்கு வந்தேன். சுகர் மாத்திரை நின்னுச்சு, முட்டி வலி போச்சு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது நின்னுச்சு. ஆனா மேல் கைத் தோல் மட்டும் வத்தின பை மாதிரி முழங்கை வரைக்கும் தொங்குச்சு. எல்லாரும் சொல்வாங்க, எக்ஸர்சைஸ் பண்ணு டைட் ஆயிடும்னு. ஆகாது. தோலுக்குள்ள எலாஸ்டின், கொலாஜன்னு ரெண்டு வகை நார் இருக்கு, வருஷக்கணக்கா இழுபட்டு கிடந்த எலாஸ்டிக்க கழட்டினா அது பழைய அளவுக்கு சுருங்குமா? அதே கதைதான். எக்ஸர்சைஸ் பண்ணினா உள்ள இருக்கற தசை ஏறும், வெளிய இருக்கற தோல் குறையாது. சேலம் வெயில்ல அந்த மடிப்புக்குள்ள வேர்த்து, உரசி, புண்ணாகி, பவுடர் போட்டு போட்டு சலிச்சுப் போச்சு. "இளைச்சாச்சுல்ல, இதுக்குப் போய் எதுக்கு கத்தி வைக்கணும்"னு கேட்டவங்க யாரும் அந்த மடிப்ப கண்ணால பார்த்தவங்க இல்ல.

இந்த ஆபரேஷனுக்கு பிரேக்கியோபிளாஸ்டின்னு பேரு. அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் கையோட உள்பக்கமோ பின்பக்கமோ நீளமா வெட்டி, மிச்சத் தோலை எடுத்துட்டு சேர்த்து தைக்கிறாங்க. பிளவுஸ் கை லூசா இருந்தா நாங்க பிடிச்சு தைக்கிறோம்ல, அதேதான். ரொம்ப எடை குறைச்சவங்களுக்கு தோல் மார்போட சைடு வரைக்கும் தொங்கும், அப்ப வெட்டு அக்குளைத் தாண்டி கீழ இறங்கும். அக்குளுக்குள்ள நேர்கோடா தச்சா தழும்பு சுருங்கி கயிறு மாதிரி இழுத்துக்கும்னு அங்க மட்டும் இசட் எழுத்து மாதிரி வளைச்சு தைப்பாங்க. 1995-ல டெட் லாக்வுட்னு ஒரு அமெரிக்க சர்ஜன் எழுதி வச்ச முறை இன்னைக்கும் பேசப்படுது, அதுல பாரத்தை மேல் தோல் மேல விடாம உள்ள இருக்கற கெட்டியான சவ்வுப் படலத்தை அக்குளோட ஆழமான படலத்துல கோர்த்துடுவாங்க. எனக்கு இதைக் கேட்டதும் உடனே புரிஞ்சுது, மேல் துணில இழுவை வந்தா கிழியும், லைனிங் சேர்த்து பிடிச்சா தாங்கும்.

இப்ப கண்டத்துக்கு வரேன். புண்ணு ஆறறதுன்னா வெளிய மூடறதுன்னு நாம நினைக்கிறோம். வெளித்தோல் சில நாள்லயே மூடிக்கும். உள்ள கதை வேற. முதல் சில நாள் வீக்கம், சிவப்பு, சூடு, உடம்பு அந்த இடத்தை சுத்தம் பண்ற நேரம். அப்புறம் ஏறக்குறைய மூணு வாரம் வரைக்கும் அவசர அவசரமா கொலாஜன் நாரைப் போட்டு ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு வைக்குது. அது பலமான தையல் இல்ல, மெஷின்ல அடிக்கறதுக்கு முன்னாடி துணி நகராம இருக்க நீளமா ஒரு ஓட்டுத் தையல் போடுவோமே, அது மாதிரி. அதுக்கப்புறம்தான் அந்த நாரை எடுத்துட்டு கெட்டி நாரா மாத்தற வேலை ஆரம்பிக்கும், அது ஒரு வருஷத்துக்கு மேலயும் ஓடும். கணக்கு என்னன்னா, முதல் வாரக் கடைசில தழும்போட பலம் நல்ல தோலோட பலத்துல 10 சதவீதம் கூட இருக்காது, மூணு வாரத்துல ஏறக்குறைய 30, மூணு மாசத்துல 80 வரைக்கும் வரும், முழு 100 எப்பவுமே வராது.

வலி இன்னொரு கணக்குல ஓடுது. முதல் வாரம் வலிக்கும், எனக்கு அந்த இழுப்பு பயமாவே இருந்துச்சு, அதனால கைய அசைக்கவே மாட்டோம். ரெண்டாவது வாரம் முடியறப்ப வலி இறங்கிடும், உள்ள தேங்கற நீரை வெளிய எடுக்க டிரெயின் பைப் போட்டிருந்தா அதை எடுத்திருப்பாங்க, வெளித் தையல் இருந்தா அதையும் பிரிச்சிருப்பாங்க, வீட்டுல எல்லாரும் "பரவால்ல, ஆயிடுச்சுல்ல"ன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க. அதாவது பலம் 20, 30-ல நிக்கறப்ப வலி கிட்டத்தட்ட போயிடுது. உடம்பு குடுக்கற எச்சரிக்கை மணி நின்னுடுது ஆனா ஆபத்து நிக்கல. நான் கொடில கை வச்சது அந்த இடைவெளிலதான்.

நம்ம வீட்டு வேலைகளை ஒரு தடவை உக்காந்து எண்ணிப் பாருங்க, எத்தனை வேலைக்கு முழங்கை தோளுக்கு மேல போகுதுன்னு. தலை பின்றது, கொண்டை போடறது, பூ வைக்கறது, நைட்டிய தலை வழியா மாட்டறது, மேல் ஷெல்ஃப்ல டப்பா எடுக்கறது, பரண்ல கை வைக்கறது, துணி காயப் போடறது, சாமி படத்துக்கு பூ மாத்தறது, டவுன் பஸ்ல மேல் கம்பியப் பிடிக்கறது. வெயிட்டுன்னா என்னமோ அரிசி மூட்டைன்னு நினைக்கிறோம், ஒரு குடம் தண்ணி என்ன வெயிட், மாவு நிறைஞ்ச கிரைண்டர் பாத்திரம் என்ன வெயிட், சாதம் வச்ச அஞ்சு லிட்டர் குக்கர் என்ன வெயிட். வழக்கமா சொல்றது முதல் மூணு நாலு வாரம் தோளுக்கு மேல கை போகக் கூடாது, நாலு வாரத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, ஆறு வாரத்துக்கு முன்னாடி ஜிம், கனமான வேலை எதுவும் கூடாது. ஆளுக்கு ஆள் டாக்டர் கொஞ்சம் மாத்துவாங்க, அவங்க சொல்றதுதான் கணக்கு. அதனால ஆபரேஷனுக்கு முந்தின நாளே கொடிய இறக்கிக் கட்டுங்க, தினம் எடுக்கற டப்பாவெல்லாம் மேடைக்கு கொண்டு வாங்க, முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டி நாலு எடுத்து வைங்க. நான் எனக்கே தச்சுக்கிட்டேன், கைய நல்லா அகலமா வச்சு.

அதுக்காக கட்டை மாதிரி கைய ஒட்டியே வச்சிருந்தாலும் தப்பு. தோள் மூட்டு அசையலைன்னா இறுகிப் போயிடும், அக்குள் தழும்பும் சுருங்கிக்கும். முதல் நாள்ல இருந்தே விரல மடக்கி நீட்டறது, முழங்கைய லேசா மடக்கறது, வீட்டுக்குள்ள நடக்கறது எல்லாம் பண்ணச் சொல்வாங்க. நடக்கறது கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகாம இருக்க. விரல் மடக்கறது வேற காரணத்துக்கு. கைல இருந்து அக்குளுக்கு நிணநீர் போற சின்னச் சின்னக் குழாயெல்லாம் இந்த வெட்டு போற வழிலதான் இருக்கு, கொஞ்ச நாளைக்கு அந்த வழி தடைபடும், தண்ணி கீழ தேங்கி விரலெல்லாம் உருண்டையா வீங்கும். முஷ்டிய மூடித் திறந்தா அதுவே ஒரு பம்ப் மாதிரி தண்ணிய மேல தள்ளும். படுக்கறப்ப ரெண்டு பக்கமும் தலகாணி வச்சு கைய நெஞ்சு மட்டத்துக்கு மேல வைக்கணும். மோதிரம், வளையல் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே கழட்டி வச்சிடுங்க, வீங்கினப்புறம் கழட்ட முடியாது. மூணு நாலு வாரம் கழிச்சு டாக்டர் சரின்னா சுவத்துல விரலால மெதுவா நடந்து ஏத்தற பயிற்சி, தினம் ஒரு விரல்கடை உயரம் கூட்டி.

அடுத்து சாப்பாடு, இதுல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா எடை குறைச்சவங்களுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசமே இங்கதான். சாதாரணமா ஒருத்தர் ஆபரேஷனுக்குப் போறப்ப உடம்புல சேமிப்பு இருக்கும். நாம ரெண்டு வருஷமா கால் வயிறு சாப்பிட்டு வந்தவங்க. வயித்து ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு புரதம், இரும்பு, பி12, விட்டமின் டி, ஜிங்க் இதெல்லாம் குறைஞ்சிருக்கறது சகஜம். புண்ணை மூடற நாரு புரதத்துல இருந்துதான் வரணும், அதை முறுக்கி கெட்டியாக்க விட்டமின் சி வேணும், ஜிங்க் வேணும், அங்க ஆக்சிஜன் போய்ச் சேர ரத்தத்துல ஹீமோகுளோபின் வேணும். நூல் இல்லாம மெஷின் மிதிச்சு என்ன பிரயோஜனம். அதனாலதான் எடை ஒரே அளவுல நின்னு ஆறு மாசமாவது ஆகட்டும்னு சர்ஜன்கள் சொல்றாங்க, ரத்தப் பரிசோதனை பண்ணி குறைய சரி பண்ணிட்டு வரச் சொல்றாங்க. இறங்கிட்டே இருக்கற உடம்பு தன்னையே தின்னுட்டு இருக்கற உடம்பு, அது எதை வச்சு தைக்கும்?

நம்ம ஊர்ல நோயாளின்னா முதல்ல நீட்டறது ஜவ்வரிசி கஞ்சி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடே வந்துச்சு, மரவள்ளிக் கிழங்கு அரைக்கற சேகோ ஃபேக்டரில பாதி சொந்தக்காரங்க வேலை பார்த்தவங்க நாங்க, எனக்கும் அதுமேல பாசம் உண்டு. ஆனா அதுல இருக்கறது மாவுச்சத்து மட்டும்தான், புரதம் இல்லைன்னே வச்சுக்கலாம். சின்ன வயித்துல அது ஒரு டம்ளர் போனா அப்புறம் எதுக்கும் இடம் இல்ல. இன்னொரு பக்கம் என் அத்தை, பாசக்காரங்க, கூடவே பத்தியமும் பிடிவாதமா பார்க்கறவங்க. "முட்டை, மீன், கோழி எல்லாம் கரப்பான் பண்டம் கண்ணு, புண்ணு சீழ் வச்சிடும், ஒரு மாசம் போகட்டும்"னாங்க. நான் டாக்டர் முன்னாடியே அவங்கள உக்கார வச்சு கேக்க வச்சேன். டாக்டர் சொன்னது இதுதான், அலர்ஜி இருந்தா ஒழிய முட்டையால சீழ் பிடிக்காது, சாப்பிடலைன்னாதான் புண்ணு ஆறாது. மறுநாள்ல இருந்து அத்தையே காலைல ரெண்டு முட்டை அவிச்சு உரிச்சு தட்டுல வச்சாங்க.

ஒரு நாளைக்கு 60-ல இருந்து 100 கிராம் புரதம் வரைக்கும் தேவைப்படும், உங்க அளவ டாக்டரோ டயட்டீஷியனோ சொல்வாங்க. ஒரு முட்டைல 6 கிராம், 100 கிராம் பன்னீர்ல 18 பக்கம், வெந்த கோழிக்கறி 100 கிராம்ல 25-க்கு மேல, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலை சுண்டல்ல 14, 15. நாம நாலு வாய்ல நிறைஞ்சு போறவங்க, அதனால தட்டுல முதல்ல கை போக வேண்டியது இதுலதான், சாதம் கடைசில. நெல்லிக்காய், கொய்யா விட்டமின் சிக்கு போதும்.

இதுல ஒரு குழி இருக்கு, நானும் விழுந்தேன். ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது நாள் வெயிட் மெஷின்ல ஏறினா ரெண்டரை கிலோ கூடியிருந்துச்சு. தோலையும் கொழுப்பையும் எடுத்திருக்காங்க, ஆனா எடை ஏறியிருக்கு. உயிரே போன மாதிரி இருந்துச்சு, 112-ல வாழ்ந்தவங்களுக்குத்தான் அந்த பயம் தெரியும். மறுபடி ஏறிடுமோன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பாட்ட குறைச்சுட்டேன், மறுநாளும். அது கொழுப்பு இல்ல, குளுக்கோஸ் பாட்டில்ல ஏறின தண்ணியும் காயத்துக்கு உடம்பு சேர்த்து வச்ச வீக்கமும்தான், சில வாரத்துல தானா இறங்கிடும். உடம்புக்கு அதிகமா புரதம் தேவைப்படற வாரத்துல நாம பயத்துல சாப்பாட்ட குறைக்கறோம். என் தையல் பிரிஞ்சதுக்கு கொடி பாதி காரணம்னா இதுவும் ஒரு பங்கு காரணம்னு இன்னைக்கும் எனக்கு தோணுது. ஒரு மாசத்துக்கு அந்த மெஷின கட்டிலுக்கு அடில தள்ளிடுங்க.

வலி மாத்திரை விஷயத்துல கவனம். வயித்து ஆபரேஷன் பண்ணினவங்க, முக்கியமா கேஸ்ட்ரிக் பைபாஸ் (எடை குறைக்க வயித்துல பண்றது, இதயத்துல இல்ல) பண்ணினவங்க, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைய சொந்தமா மெடிக்கல் ஷாப்ல வாங்கி போடக் கூடாது, வயித்துல புண்ணு வரும். பாராசிட்டமால் பெரும்பாலும் பரவால்ல, அதுவும் கேட்டுட்டு. வீட்டுல சிகரெட் பிடிக்கறவங்க இருந்தா, அல்லது நீங்களே பிடிச்சா, முன்னாடி நாலு வாரம் பின்னாடி நாலு வாரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய இறுக்கிடும், தோல் ஓரம் கருகிப் போற அளவுக்கு.

கம்ப்ரெஷன் ஸ்லீவ்னு டைட்டா ஒரு கை உறை, நாலுல இருந்து ஆறு வாரம் போடணும். தோலை எடுத்த இடத்துல உள்ள ஒரு வெற்றிடம் இருக்கும், அதுல தண்ணி கோர்த்துக்காம மேல் தோல் உள் சதையோட ஒட்டணும்னா அந்த அழுத்தம் வேணும். மார்ச், ஏப்ரல்ல, 40 டிகிரியத் தொடற சேலத்துல, கரண்ட் போன மத்தியானத்துல அதைப் போட்டுக்கிட்டு இருக்கறது லேசில்ல. உங்களுக்கு தேதி எடுக்கற வாய்ப்பு இருந்தா கார்த்திகை, மார்கழில வச்சுக்கோங்க. எனக்கு சீட்டு பணம் மாசியிலதான் வந்துச்சு. ரெண்டு செட் வாங்கி ஒண்ணு துவைச்சு ஒண்ணு மாட்டணும். அக்குள் எப்பவும் காஞ்சே இருக்கணும், ஈரத்துல ஊறின தோல் பஞ்சு மாதிரி ஆயிடும், தையல் பிரியறது அங்க ஆரம்பிக்கறதுக்கு இழுவை ஒரு காரணம்னா வேர்வை இன்னொண்ணு. டிரெஸ்ஸிங் மேல வைக்கச் சொன்ன காஸ் துணி நனைஞ்சா உடனே மாத்தணும். டியோடரண்ட், பவுடர், மஞ்சள் எதுவும் முழுசா ஆறற வரைக்கும் அங்க வேண்டாம்.

பிரிஞ்சா என்ன பண்றது? பயப்படாதீங்க, ஆனா அன்னைக்கே காட்டுங்க. அக்குள் பக்கம் சின்னதா பிரியறது இந்த ஆபரேஷன்ல அடிக்கடி நடக்கறதுதான், பெரும்பாலும் மறுபடி தைக்காமயே உள்ளிருந்து ஆற விடுவாங்க. என்னுது ஒரு அஞ்சு ரூபா காசு அளவு. நான் போன் பண்ணினப்ப ஆஸ்பத்திரில எடுத்தவங்க "திங்கட்கிழமை வாங்க"ன்னாங்க, அன்னைக்கு வெள்ளி. நான் கேக்காம சனிக்கிழமை காலைல போய் உக்காந்தேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. ரெண்டு மூணு விஷயத்துக்கு மறுநாள் வரைக்கும் கூட காத்திருக்கக் கூடாது. முதல் ரெண்டு நாள்ல ஒரு கை மட்டும் திடீர்னு கல்லு மாதிரி வீங்கி வலி ஏறினா உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம். கெண்டைக்கால்ல வலி வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தா ரத்தக் கட்டியா இருக்கலாம், நேரா எமர்ஜென்சி. 100.4-க்கு மேல காய்ச்சல், பரவற சிவப்பு, நாத்தத்தோட நீர் இதெல்லாம் கிருமி.

ஆறு, ஏழு வாரம் கழிச்சு தழும்பு மேல பரு மாதிரி ஒண்ணு வந்து, உள்ள இருந்து ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்தா அதிராதீங்க. கரையற தையல் நூல்ல ஒரு முடிச்சு கரையாம வெளிய வருது. இழுக்காதீங்க, டாக்டர் ஒரு நொடில வெட்டி விடுவாங்க. நானும் கடைல பிசிறு நூலப் பார்த்தா கை சும்மா இருக்காதவதான், இதுல மட்டும் அடக்கிக்கிட்டேன்.

வேலைக்கு எப்போன்னு எல்லாரும் கேப்பாங்க. உக்காந்து பார்க்கற வேலைன்னா ரெண்டு வாரத்துல போறவங்க இருக்காங்க. நான் நாலாவது வாரம் ஹெம்மிங், ஹூக்கு வைக்கறது மட்டும் மடில வச்சு பண்ணினேன், மெஷின்ல உக்காந்தது ஆறாவது வாரம், பெரிய கத்திரில நாலு மடிப்பு துணிய வெட்டறதும் அயர்ன் பாக்ஸ் தூக்கறதும் எட்டாவது வாரம். ஸ்கூட்டிக்கு அவசரப்படாதீங்க, திடீர்னு பிரேக் பிடிச்சா முழு உடம்பும் ரெண்டு கைல வந்து விழும்.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. பாலிசிகள்ல காஸ்மெடிக் சர்ஜரிக்கு பணம் தர மாட்டோம்னு ஒரு விதிவிலக்கு இருக்கும், அதுலயே மருத்துவத் தேவைன்னு சிகிச்சை தர்ற டாக்டர் சான்று குடுத்தா தனின்னும் இருக்கும். மடிப்புல புண்ணு வந்து வைத்தியம் பார்த்த சீட்டு, போட்டோ எல்லாத்தையும் சேர்த்து வச்சு முன் அனுமதி கேட்டுப் பாருங்க. எனக்கு கிடைக்கல.

மே மாசம் வெயில் தாங்காம தங்கச்சி வீட்டுக்கு ஏற்காடு போனேன், ஒண்டிக்கடை பக்கத்துலதான் வீடு. 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ல போனா ஒவ்வொரு வளைவுலயும் கம்பியப் பிடிச்சு உடம்ப நிறுத்தணும்னு கார்ல போனேன். மேல குளுகுளுன்னு இருந்ததும் ஆறு வாரம் உறைக்குள்ள இருந்த கைக்கு விடுதலைன்னு அரைக்கை பிளவுஸ் போட்டு காபித் தோட்டத்துல நாள் முழுக்க சுத்தினேன். ரெண்டு நாள்ல தழும்பு கருத்துப் போச்சு. குளிர்னா வெயில் இல்லைன்னு நினைச்சது என் தப்பு. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் 10 சதவீதம் பக்கம் கூடும், புதுத் தழும்பு அதை அப்படியே வாங்கிக்கும், நம்ம நிறத்துக்கு சீக்கிரமே கருக்கும். ஒரு வருஷமாவது முழுக்கையோ சன்ஸ்கிரீனோ வேணும். நம்ம தோலுக்கு தழும்பு தடிச்சு எழும்பற குணமும் அதிகம், அதனால புண்ணு முழுசா மூடினதும் சிலிக்கான் ஷீட்டோ ஜெல்லோ மாசக்கணக்குல போடச் சொல்வாங்க, விரலால அழுத்தி மசாஜும். மூணு நாலு மாசத்துல தழும்பு ரொம்ப சிவப்பா, தடிப்பா, பார்க்கவே மோசமா இருக்கும், அதைப் பார்த்துட்டு ஏன்டா பண்ணினோம்னு அழாதீங்க, நான் அழுதேன். அது முதிர 12-ல இருந்து 18 மாசம் ஆகும்.

முன்கை உள்பக்கம் ஒரு பட்டை மரத்துப் போயிருக்கும் சிலருக்கு. அந்த வெட்டுக்குப் பக்கத்துல ஒரு தோல் நரம்பு ஓடுது, அது இழுபட்டா அப்படி ஆகும், பெரும்பாலும் மாசக்கணக்குல திரும்பும். எனக்கு இடது கைல ஊசி குத்தினா முதல்ல துணிக்கு மேல குத்தின மாதிரிதான் இருந்துச்சு, இப்ப பாதி தெரியுது.

இப்ப 11-வது மாசம். வலது கைத் தழும்பு வெளுத்து மெல்லிசா ஒரு மடிப்புக் கோடு மாதிரி ஆயிடுச்சு. இடது அக்குள்ல அந்தப் பிரிஞ்ச இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் பழுப்பா இருக்கு, அதுக்கு மேல சிலிக்கான் ஷீட் ஒட்டிக்கிட்டுதான் இதை டைப் பண்றேன்.